கடிதம் சத்தியத்தில் சேராது

தென்காசி
3.3.2025

அன்புள்ள மதினிக்கு,

உமா எழுதுகிறேன். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுங்கள். கிழித்தால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை, இன்னொரு பிரதி எழுதி வைத்திருக்கிறேன்.

தில்லையின் முதல் பிறந்தநாளன்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பிள்ளைக்குப் பின்னால் நின்று கை தட்டினேன், திரும்பவில்லை. கரண்டியால் தட்டைத் தட்டினேன், அதற்கும் திரும்பவில்லை. நாற்பது பேருக்கு நடுவில், "மதினி, இவனுக்குக் காது கேக்குதான்னு ஒரு டெஸ்ட் பாத்துருவோமா?" என்று கேட்டுவிட்டேன். கேக் வெட்டிய கத்தி அப்போது உங்கள் கையில் இருந்தது. நல்லவேளை, அதைக் கீழே வைத்தீர்கள். தம்ளரில் இருந்த ஐந்தருவித் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி, "எம்பிள்ள வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுத வரைக்கும் ஒங்கூட நான் பேச மாட்டேன். இது சத்தியம்" என்றீர்கள். இன்றோடு எண்பத்தைந்து நாள். போன் எடுப்பதில்லை. வாட்ஸப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள்.

யோசித்துப் பார்த்தேன். பேச மாட்டேன் என்றுதான் சத்தியம். எழுத மாட்டேன் என்று நீங்கள் சொல்லவில்லை. அண்ணன் வாரத்துக்கு ரெண்டு தடவை உங்கள் அருவிக்கரைக் கடைக்கு எண்ணெயும் சோப்பும் வாங்கத் தென்காசிக்கு வருகிறான். அவன் பையில் இதைப் போட்டு அனுப்புகிறேன்.

கூடவே ஒரு எண்பது பக்க நோட்டு இருக்கிறது. நான் வேலை பார்க்கிற குழந்தை வளர்ச்சி மையத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் இப்படி ஒன்று வைத்திருப்போம். எப்போது உட்கார்ந்தது, எப்போது முதல் அடி வைத்தது, எதற்குத் திரும்பிப் பார்க்கிறது, என்ன சத்தம் போடுகிறது என்று தேதியோடு எழுதுவது. கை கால் ஒரு பக்கம், காதும் வாயும் ஒரு பக்கம். முதல் நாலு பக்கத்தில் கேள்விகள் எழுதியிருக்கிறேன். பதில் எழுதி அனுப்புங்கள்.

சபையில் சொன்னது என் தப்பு. சொன்ன விஷயம் தப்பென்று இன்னும் தோன்றவில்லை. அவன் காதில் மூன்று தடவை பேர் சொன்ன அத்தை நான். அந்தக் காதைப் பற்றிக் கேட்க எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

உங்கள்
உமா மகேஸ்வரி


ஐந்தருவி
8.3.2025

உமாவுக்கு,

அன்புள்ள என்று போட மனசு வரவில்லை. அதனால் போடவில்லை.

நீ எழுதியதை மூன்று நாளாக யோசித்தேன். நீ சொல்வது சரிதான், கடிதம் சத்தியத்தில் சேராது. உன்னைத் திட்டுவதற்கு எனக்கும் ஒரு வழி கிடைத்தது.

பிறந்தநாளுக்கு வந்த நாற்பது பேரில் பாதிப்பேர் பக்கத்துக் கடைக்காரர்கள். மறுநாள் காலையிலேயே மாங்காய் விற்கிற ஆவுடையம்மாள் அக்கா வந்து, "ஏட்டி செல்வி, பிள்ளைக்குக் காது கேக்காதாமே?" என்று கேட்டாள். நீ சந்தேகம் என்று சொன்னது விடிவதற்குள் தீர்ப்பாகிவிட்டது. அதிலிருந்து கடைக்கு யார் வந்தாலும் பிள்ளைக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார்க்கிறார்கள். என் பிள்ளை என்ன காக்காயா?

உன் அண்ணனே மூன்று வயதில்தான் பேசினாராம். இன்றைக்கும் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் செலவு செய்வதில்லை. அவரை எந்த மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள்?

நோட்டில் எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' என்று எழுதிவிட்டேன். ஒன்றைக்கூட விடவில்லை. நூற்றுக்கு நூறு. பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்.

முத்துசெல்வி

பி.கு: தாளில் இருக்கிற கறை தேங்காய் எண்ணெய். கண்ணீர் என்று நினைத்துக்கொள்ளாதே.


தென்காசி
14.3.2025

அன்புள்ள மதினிக்கு,

ஆவுடையம்மாள் அக்கா கேட்டதைப் படித்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அது என்னால் வந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் நூற்றுக்கு நூறுக்கு வருகிறேன். 'மாடிப்படியில் ஏறுகிறானா?' ஆம். உங்கள் வீட்டில் படியே கிடையாது, மதினி. வாசல்கூடத் தரையோடு தரை. 'இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்கிறானா?' அதற்கும் ஆம். அது இரண்டு வயசுக்கான கேள்வி. முன்கூட்டியே எழுதி வைத்தேன். அவன் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுகிறான் என்றால் உங்கள் சத்தியம் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டுமே. என்னோடு ஏன் பேசவில்லை? மாட்டிக்கொண்டீர்களா?

இது பரீட்சை இல்லை. இதில் பாஸும் பெயிலும் கிடையாது. எங்கள் மையத்துக்கு வருகிற எல்லா அம்மாக்களும் முதல் வாரம் இதைத்தான் செய்வார்கள், பிள்ளைக்கு மார்க் வாங்கித் தருவார்கள். ஆம், இல்லை எல்லாம் வேண்டாம். கண்ணால் பார்த்ததை மட்டும் தேதி போட்டு எழுதுங்கள். 'இன்று துண்டுக் கட்டை இழுத்து மேலே போட்டுக்கொண்டான்' என்று எழுதினால் போதும்.

அவன் இன்னும் நடக்கவில்லை என்று அண்ணன் சொன்னான். தவழாமல் உட்கார்ந்தபடியே நகர்கிற பிள்ளைகள் பலரும் கொஞ்சம் தாமதமாகத்தான் நடப்பார்கள். உங்கள் கடைத் தரை எப்போதும் ஈரமும் சரளையுமாக இருக்கிறது, முட்டி போட்டால் வலிக்காதா? அவன் புத்திசாலி. அதைப் பற்றி இப்போதைக்குப் பயம் வேண்டாம்.

காதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒன்றும் எழுதவில்லை. கவனித்தீர்களா?

உமா


ஐந்தருவி
20.4.2025

உமாவுக்கு,

நடந்துவிட்டான்!

17.4.2025, வியாழக்கிழமை, காலை பத்து மணி. நீ சொன்னபடி தேதி போட்டு எழுதியிருக்கிறேன். அருவியில் தண்ணீர் நூலாகத்தான் விழுகிறது, கூட்டமில்லை. எண்ணெய் தேய்த்துவிடுகிற வீரபாகு அண்ணாச்சி எங்கள் கடைக்கு எதிரில் மதுரைக்காரர் ஒருவரைக் குப்புறப் படுக்கப் போட்டு முதுகைப் பிசைந்துகொண்டிருந்தார். தில்லை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்துத் தன் தோளில் ரெண்டு தட்டுத் தட்டினான். துண்டை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சை விட்டுவிட்டு, கால் விரல்களால் ஈரத் தரையைக் கவ்விக் கவ்வி ஏழு அடி நடந்தான்! ஏழாவது அடியில் மதுரைக்காரர் முதுகின்மேல் விழுந்தான். எண்ணெய் முதுகு, அப்படியே வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் இறங்கினான். மதுரைக்காரர் கூடுதல் காசு கேட்பார்களோ என்று பயந்துபோய் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

உன் அண்ணன் அன்றைக்குப் பத்து வார்த்தையையும் ஒரே மூச்சில் செலவழித்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த நோட்டை எடுத்தால் வைக்க முடியவில்லை. முன்னால் அவன் என்ன செய்தாலும் நான் பாட்டுக்குக் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது ஒவ்வொன்றும் கண்ணில் படுகிறது. மூடியைத் திறக்கத் திருகுகிறான். கீழே விழுந்த கடுகை ரெண்டு விரலால் எடுக்கிறான். பதினான்கு பக்கம் எழுதிவிட்டேன். எல்லாம் கை கால் பக்கம்தான்.

காதும் வாயும் பக்கத்தைப் பற்றி நீயும் கேட்காதே, நானும் சொல்லவில்லை.

முத்துசெல்வி


தென்காசி
21.6.2025

அன்புள்ள மதினிக்கு,

ஏழடி நடையை மையத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அதற்கப்புறம் ரெண்டு மாதமாக நோட்டும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. சீசன் தொடங்கிவிட்டது, கடையில் கை ஒழியாது என்று தெரியும். ஆனால் நீங்கள் எழுதாததற்குக் காரணம் சீசன் இல்லை என்றும் தெரியும்.

தில்லைக்குப் பதினெட்டு மாதம் முடிந்துவிட்டது. ஒரு வார்த்தையும் வரவில்லை என்று அண்ணன் சொல்கிறான். இந்த வயசில் வார்த்தையே இல்லையென்றால் முதலில் காதைப் பார்த்துவிட வேண்டும். இதை நாத்தனாராகச் சொல்லவில்லை, வேலை தெரிந்தவளாகச் சொல்கிறேன். காது கேட்டால் நிம்மதி. குறை இருந்தால் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் அவனுக்குத்தான் நஷ்டம்.

ஜூலை பதினைந்தாம் தேதிக்குத் திருநெல்வேலியில் நேரம் வாங்கிவிட்டேன். தூங்கும்போது தலையில் வயர் ஒட்டிப் பார்ப்பார்கள், வலிக்காது. நீங்கள் போகாவிட்டால் அண்ணனிடம் சொல்லி நானே தூக்கிக்கொண்டு போவேன். இன்னும் ஐந்து வருஷம் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

கோபத்தில் எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன்.

உமா


ஐந்தருவி
29.6.2025

உமாவுக்கு,

தூக்கிக்கொண்டு போவாயா? வந்து பார். மிளகாய் பஜ்ஜி எண்ணெய் பக்கத்துக் கடையில்தான் கொதிக்கிறது.

அந்த வரி வீம்புக்கு எழுதியது. இனி எழுதுவது உனக்கு மட்டும்.

பிறந்தநாள் முடிந்த மறுவாரத்திலிருந்து நானே டெஸ்ட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் அண்ணன் இல்லாத நேரம் பார்த்து, அடுப்பங்கரையில் அவனுக்குப் பின்னால் நின்று தம்ளரைக் கீழே போடுவேன். நாலு தடவை திரும்புவான், மூன்று தடவை திரும்ப மாட்டான். வீட்டில் ஒரு தம்ளர்கூட நெளியாமல் இல்லை. "இதென்ன எல்லாம் நசுங்கிக் கெடக்கு?" என்று உன் அண்ணன் கேட்டார், குரங்கு போட்டது என்று சொல்லிவிட்டேன். இந்த ஊரில் எதற்கும் குரங்கு இருக்கிறது.

நாலு தடவை திரும்பினானே என்று கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருக்கும். மூன்று தடவை திரும்பவில்லையே என்று அப்புறம் சோறு இறங்காது. தில்லை, தில்லை என்று ஒன்றரை வருஷமாகக் கூப்பிடுகிறேனே, அவன் பேர் அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? அந்த டெஸ்டில் இல்லை என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? நடந்தபோது கத்தினேனே, அதுகூட அவனுக்குக் கேட்டிருக்காது என்றுதானே அர்த்தம்.

இதை உன் அண்ணனிடம் சொன்னால் இடிந்துபோவார். ஆவுடையம்மாள் அக்காவிடம் சொன்னால் பழைய குற்றாலம் வரைக்கும் தெரிந்துவிடும். உன்னிடம்தான் சொல்ல முடிகிறது, ஏனென்றால் உன்னோடு நான் பேசுவதில்லை.

பதினைந்தாம் தேதி கூட்டிக்கொண்டு போகிறேன்.

முத்துசெல்வி


தென்காசி
7.7.2025

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டில் இருக்க முடியவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்கு வந்தேன். கடைக்குள் வரவில்லை. சாரலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக எதிர்ப்பக்கம் ஒன்றரை மணி நேரம் நின்றேன்.

மதினி, உங்கள் கடையில் யாருமே வாயைத் திறப்பதில்லை!

அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் திறந்தும் பிரயோசனமில்லை. வீரபாகு அண்ணாச்சி அங்கேயிருந்து தலையைத் தேய்த்துக் காட்டுகிறார், நீங்கள் எண்ணெய் பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறீர்கள். அண்ணன் ஐந்து விரலையும் விரித்து ஆட்டுகிறான், சோப்பு தீர்ந்துபோச்சு. நீங்கள் விரலை உள்ளே மடக்கி ஆட்டுகிறீர்கள், போகிற கூட்டம் கடைக்கு வருகிறது. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பேச்சும் நான் பார்க்கவில்லை. வியாபாரம் மட்டும் ஜோராக நடக்கிறது.

அதற்கு நடுவில் பெஞ்சில் நம் பிள்ளை. தோளில் தட்டினான், துண்டு வந்தது. தலையைத் தேய்த்தான், எண்ணெய் தடவிவிட்டீர்கள். வாடிக்கைக்காரர் ஒருவரை 'வா' என்று கை மடக்கிக் கூப்பிட்டு, அவர் வந்ததும் விரலை விரித்து 'தீர்ந்துபோச்சு' என்று திருப்பி அனுப்பினான். நான் எண்ணினேன், பதினோரு சைகை. ஏப்ரலில் நீங்கள் எழுதிய ஏழடிக் கடிதத்திலேயே தோளில் தட்டித் துண்டு கேட்டான் என்று இருக்கிறது. நீங்களும் கவனிக்காமல் எழுதியிருக்கிறீர்கள், நானும் கவனிக்காமல் படித்திருக்கிறேன். வாயால் வராததை அவன் கையால் சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் வாயை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறந்தநாளன்று அருவி கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து லாட்ஜில் மைக் அலறியது. பிறந்ததிலிருந்து அந்த இரைச்சலில் வளர்ந்த பிள்ளை என் கைத்தட்டலை ஒரு பொருட்டாக மதித்துத் திரும்பவில்லை என்றுகூட இருக்கலாம். ஒரு தடவை பார்த்துவிட்டு எதுவும் சொல்லாதே என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆனாலும் டெஸ்ட் எடுத்தே ஆகவேண்டும். இதெல்லாம் என் ஊகம்தான். ஊகத்தில் ஏற்கெனவே ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உமா


ஐந்தருவி
18.7.2025

உமாவுக்கு,

ரெண்டு காதும் கேட்கிறது.

இதை முதலில் எழுதிவிட்டு மீதியைச் சொல்கிறேன். நல்லாக் கேட்கிறது என்று டாக்டரம்மா ரெண்டு தடவை சொன்னார்கள். மூன்றாவது தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அங்கேயே ஒப்பாரி வைக்காத குறையாக அழுதேன். பேச்சு வருகிறதா என்று மூன்று மாதம் கழித்து மறுபடி கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் டெஸ்ட் நடந்ததே பெரிய கதை. பிள்ளை தூங்கினால்தான் வயர் ஒட்டுவார்களாம். மருந்து கொடுத்தார்கள். ஏ.சி. அறை, கதவைச் சாத்தி, ஒரு சத்தம் இல்லாமல் வைத்திருந்தார்கள். இவன் கண்ணை உருட்டிக்கொண்டு ரெண்டு மணி நேரம் முழித்திருந்தான். சத்தமில்லாத இடத்தில் அவன் தூங்கியதே இல்லையே! நர்ஸம்மா சலித்துப்போய் இன்னொரு நாள் வாங்க என்று சொல்லப் போனார்கள். உன் அண்ணன் எழுந்து குளியலறைக்குப் போய், இரும்பு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் குழாயைத் திறந்துவிட்டார். ஐந்தே நிமிஷம், பிள்ளை குறட்டை விட்டான். நன்றாக அயர்ந்ததும் குழாயை மூடிவிட்டு வயர் ஒட்டினார்கள். "இது என்ன வைத்தியம் அண்ணாச்சி?" என்று நர்ஸம்மா கேட்டார்கள். "அருவி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இரைச்சல் இல்லாவிட்டால் தூங்க மாட்டான் என்றால் இரைச்சல் அவனுக்குக் கேட்கிறது என்றுதானே அர்த்தம்? ஒன்றரை வருஷமாகத் தூங்கப் போடுகிறேன், எனக்கு இது தோன்றவில்லை. அத்தனை தம்ளரையும் வீணாக நசுக்கினேன்.

நீ எழுதிய சைகைகளைப் படித்துவிட்டுப் பார்த்தால் வீட்டிலும் இதே கூத்துதான். சீசன் இல்லாத நாளிலும் எனக்கும் அவருக்கும் கைதான் பேசுகிறது. காதும் வாயும் பக்கத்தில் முதல் தடவையாக எழுதியிருக்கிறேன், இருபத்திரண்டு சைகை. நீ பதினொன்றுதான் எண்ணினாய். நான்தான் அம்மா.

ஆனால் சத்தியம் சத்தியம்தான். அவன் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முத்துசெல்வி

பி.கு: கூட்டத்தோடு கூட்டமாக நின்றாயாம். அந்தப் பச்சைக் குடை உன் கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தது. குடையைக்கூடவா எனக்கு அடையாளம் தெரியாது? வந்து நில். பேசத்தான் மாட்டேன், பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை.


தென்காசி
24.7.2025

அன்புள்ள மதினிக்கு,

கவிழ்த்த வாளி வைத்தியத்தை மையத்தில் சொன்னேன். எங்கள் டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சிரிக்காமலே துடைத்துக்கொண்டேன்.

இனி ஒரே ஒரு வேலை. சைகையை நிறுத்தாதீர்கள், அது அவன் சம்பாத்தியம். அதோடு வார்த்தையைச் சேருங்கள். தோளில் தட்டினால் உடனே துண்டைக் கொடுக்காமல், அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து "துண்டா? துண்டு வேணுமா?" என்று கேட்டுவிட்டு ஒரு மூச்சு காத்திருங்கள். அப்புறம் கொடுங்கள். அண்ணனையும் தினம் இருபது வார்த்தை பேசச் சொல்லுங்கள், பிள்ளைக்காகச் செய்யட்டும். சாயங்காலம் சத்தமில்லாத பக்கமாகத் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணில் பட்டதையெல்லாம் பேர் சொல்லிக் காட்டுங்கள்.

எப்போது பேசுவான் என்று கேட்டால் எனக்குத் தேதி தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் குடையோடு வருகிறேன்.

உமா


ஐந்தருவி
24.8.2025, ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள உமாவுக்கு,

முதல் வார்த்தையைப் பார்த்தாயா? போட்டுவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு மாதமாகத் துண்டா துண்டா என்று கேட்டுக் கேட்டு என் தொண்டை போய்விட்டது. உன் அண்ணன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு "மரம்... குரங்கு... பஸ்ஸு..." என்று சொல்லிக்கொண்டே நடக்கிறார், போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையை ஆட்டுவான், அவ்வளவுதான்.

இன்று மத்தியானம் மூன்றரை மணி. கூட்டம் நெரிசல். நீ பஜ்ஜிக் கடை ஓரமாக நின்றாய். வீரபாகு அண்ணாச்சி உனக்குக் குடை டாக்டர் என்று பேர் வைத்திருக்கிறார், அது இருக்கட்டும். தில்லை பெஞ்சின்மேல் ஏறி நின்று உன்னைப் பார்த்துவிட்டான். விரலை மடக்கி 'வா' என்று கையை ஆட்டினான். நீ அந்த நேரம் பார்த்துப் பஸ்ஸுக்குக் கிளம்பி முதுகைக் காட்டித் திரும்பிவிட்டாய். மறுபடியும் ஆட்டினான். ரெண்டு கையாலும் ஆட்டினான். நீ பார்க்கவில்லை. கையைக் காட்டியும் ஒருத்தி திரும்பவில்லையென்றால் அவன் வேறு என்ன செய்வான்?

"வா!" என்றான். "வா! வா!"

அத்தனை இரைச்சலையும் மீறிக் கேட்டது. வீரபாகு அண்ணாச்சி கை ஒருவர் முதுகில் அப்படியே நின்றுவிட்டது. உன் அண்ணன், "ஏலே... ஏலே..." என்றார். பிள்ளை பேசியாச்சு, சத்தியம் தீர்ந்தாச்சு. நான் கடையை விட்டு இறங்கி, "ஏட்டி உமா!" என்று கத்தினேன். எட்டரை மாதத்துக்கு அப்புறம் உன்னோடு பேசிய முதல் வார்த்தை. நீ திரும்பவில்லை. எண்ணெய்க் கையோடு பின்னாலேயே ஓடிவந்து கை தட்டினேன். அதற்கும் திரும்பவில்லை. பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாய். போன் போட்டேன், அது அடித்ததும் உனக்குக் கேட்கவில்லை.

அதனால் கேட்கிறேன், உமா. உனக்குக் காது கேட்கிறதா என்று ஒரு டெஸ்ட் பார்த்துவிடுவோமா?

உன் அண்ணன் வண்டியை ஸ்டார்ட் செய்து நிற்கிறார். இதைப் படித்ததும் அவர் பின்னால் ஏறி வா. ராத்திரிச் சாப்பாடு இங்கேதான். நோட்டில் 'முதல் வார்த்தை' என்று நீ கோடு போட்டு வைத்த இடத்தை நான் தொடவில்லை. அவன் கூப்பிட்டது உன்னை. நீ வந்து எழுது.

உன் மதினி
முத்துசெல்வி